மதுரையில் ஒரு நாள், சாப்பாடும் அருங்காட்சியகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர் நண்பர்களும் உறவினர்களும் மதுரைக்கு ரயில் டிக்கெட் எடுத்த கையோடு கேட்கும் கேள்விகள் இவை. கோவிலுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கோவிலோடு சேர்த்து நல்ல சாப்பாட்டையும் நாலு பழைய பொருள்களையும் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரே நாள்தான் இருக்கிறது. இரண்டும் முடியுமா?

தாராளமாக முடியும். மதுரையின் நல்ல சாப்பாட்டு நேரமும் காட்சிக்கூடங்களின் நேரமும் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. இட்லியும் பொங்கலும் காலை ஒன்பதரைக்குள் சாப்பிட வேண்டியவை. கறி தோசை, பரோட்டா, பருத்திப்பால் எல்லாம் விளக்கு வைத்த பிறகு. காட்சிக்கூடங்களோ பெரும்பாலும் பத்து மணிக்குத் திறந்து மாலையில் மூடிவிடுகின்றன. நடுவில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நாளைக் கெடுப்பது பட்டியல்தான். இருபது கடைகளைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஐந்தாவது கடையில் வயிறு கைவிட்டுவிடுகிறது. அதற்குள் திருமலை நாயக்கர் மகாலையும் பூட்டிவிடுகிறார்கள். மூன்று காட்சிக்கூடம், நான்கு வேளைத் தீனி. அதற்கு மேல் ஆசைப்பட்டால் எதுவும் மனதில் நிற்காது.

எந்தக் கிழமையில் வருவது நல்லது?

செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு இடங்களின் வார விடுமுறையும் இந்த இரண்டு நாள்களில்தான் மாட்டுகிறது. புதனோ வியாழனோ வந்தால் கூட்டமும் குறைவு. சித்திரைத் திருவிழா நாள்களில் திருவிழாவுக்காக மட்டும் வாருங்கள். மாசி வீதிகளில் தேர் ஓடும்போது அருங்காட்சியகத்துக்கு வழி கேட்டால் ஊர்க்காரர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

காலையில் எங்கே தொடங்குவது?

கோவிலுக்குள். அங்கேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது என்பது வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சுவாமி சன்னிதிப் பக்கம் இருக்கும் ஆயிரங்கால் மண்டபம்தான் அது. பெயரில் ஆயிரம் இருந்தாலும் தூண்கள் 985. 1569இல் அரியநாத முதலியார் கட்டியது. வாசலில் அவரே குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போகத் தனி டிக்கெட் உண்டு. அதற்காகத் திரும்பிவிடாதீர்கள்.

நுழைவதற்கு முன் தலையை அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் அறுபது தமிழ் ஆண்டுகளும் ஒரு சக்கரமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போனால் அவரவர் பிறந்த ஆண்டைத் தேடுவதிலேயே கால் மணி நேரம் போய்விடும். உள்ளே, பேடி வேடத்தில் நிற்கும் அர்ஜுனன் சிலையைத் தவறவிட வேண்டாம். தாடியும் உண்டு, பெண்மையின் வளைவுகளும் உண்டு. இரண்டையும் ஒரே கல்லில் உறுத்தாமல் சேர்த்திருக்கிறான் சிற்பி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் செப்புத்திருமேனிகளைப் பார்க்க அவசரப்பட்டு இந்தத் தூண்களைக் கடந்து போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

கைபேசியை உள்ளே விடுவார்களா?

மாட்டார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கைபேசிக்கு முழுத் தடை. கோபுர வாசலில் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்தக் கோபுரத்தில் கொடுத்தீர்களோ அங்கேதான் திரும்ப வாங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். நான்கு பக்கமும் கோபுரம் இருக்கும் ஊரில் இதற்காகவே அலைகிறவர்கள் உண்டு. மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறப்பார்கள். கோவிலைக் காலையில் வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

காலைச் சாப்பாடு?

மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து மேலமாசி வீதிக்கு நடந்துவிடுங்கள். இன்று சென்னையிலும் வெளிநாடுகளிலும் கிளை விரித்திருக்கும் முருகன் இட்லிக் கடையின் பூர்வீகம் மதுரைதான். மேலமாசி வீதியிலும் அதன் கடை இருக்கிறது. பெயர் பெற்ற கடையில்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை. மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் வாசலில் ஆவி பறக்கும் எந்தக் கடையிலும் உட்காரலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இலையில் எத்தனை சட்னி விழுகிறது. மதுரைக்காரனுக்கு இட்லி ஒரு சாக்கு. தேங்காய், தக்காளி, மல்லி, காரம் என்று நான்கும் வரிசையாக விழுந்து, அதன் மேல் சாம்பாரும் ஓடி ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் அவன் சாப்பிடவே தொடங்குகிறான். இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிடுகிறவர்களை வெளியூர் என்று அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேலக் கோபுரம் பக்கம் இருக்கும் கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பமும் பச்சை மிளகாய்ச் சட்னியும் வேறு வகை. அது மாலைத் தீனிக்கு இன்னும் பொருத்தம்.

மேலமாசி வீதியில் காந்தி தங்கிய வீடு இருக்கிறதாமே?

இருக்கிறது. கீழே கதர்க் கடை, மாடியில் காந்தி தங்கிய இடம். 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்த காந்தி, அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் சட்டையையும் தொப்பியையும் நீளமான வேட்டியையும் விட்டு, முழங்கால் வரையான துண்டுக்கு மாறினார். செப்டம்பர் 22ஆம் தேதி காலை அந்தக் கோலத்தில் வெளியே வந்தார். வரும் வழியில் ரயிலில் பார்த்தவர்களிடம் கதர் உடுத்தச் சொன்னபோது, கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் காசில்லை என்ற பதில் வந்திருக்கிறது. அந்தப் பதில் அவரை விடவில்லை. புது உடையில் அவர் முதலில் கூட்டத்தில் பேசிய இடம் காமராஜர் சாலையில் இருக்கும் காந்தி பொட்டல்.

வட இந்தியாவில் வைத்து எடுக்காத முடிவை அவர் மதுரையில் எடுத்தார் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் அதே காந்தி, அத்தனை பக்கத்தில் இருந்தும் அப்போது மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போகவில்லை. தாழ்த்தப்பட்டவர்களை விடாத கோவிலுக்குள் தானும் போவதில்லை என்று இருந்தவர் அவர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதன் பிறகு 1946இல் வந்தபோதுதான் காந்தி உள்ளே போனார். கர்வப்படுகிற வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

காந்தி அருங்காட்சியகத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஏ.வி. பாலம் வழியாக வைகையைத் தாண்டினால் பக்கம்தான். 1889இல் திறந்த பாலம் அது. ஆற்றில் தண்ணீர் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். அருங்காட்சியகக் கட்டடம் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தார். நுழைவு இலவசம். மதியம் ஒரு மணிக்குப் பூட்டி இரண்டு மணிக்குத் திறப்பார்கள் என்பதால் பத்து மணிக்கே போய்விடுவது நல்லது.

முன்பகுதி முழுக்க விடுதலைப் போராட்ட வரலாறு, படமும் எழுத்துமாக. பள்ளிப் பாடம் நினைவுக்கு வந்து கொஞ்சம் கொட்டாவி வரும், வேகமாக நடந்துவிடலாம். நிற்க வேண்டிய இடம் கடைசியில் இருக்கிறது. சுடப்பட்ட நாளில் காந்தி அணிந்திருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. கறை என்றால் சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறோம். மங்கிய பழுப்பு, முதலில் கண்ணுக்குப் பிடிபடுவதே இல்லை. பிடிபட்ட பிறகு அந்த அறையில் யாரும் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. மேலமாசி வீதி வீட்டைப் பார்த்துவிட்டு இங்கே வரச் சொல்வது இதற்காகத்தான். உடையை மாற்றிய வீடும் கடைசியாக உடுத்திய துணியும் ஒரே ஊரில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன.

அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. நேரமிருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் குறையில்லை.

மதியச் சாப்பாடு எங்கே?

அருங்காட்சியகத்திலிருந்து தல்லாகுளம் கூப்பிடு தூரம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே மெஸ்களுக்குப் பஞ்சமில்லை. அழகர்கோவில் சாலையில் இருக்கும் அம்மா மெஸ் எல்லோருக்கும் தெரிந்தது. அயிரை மீன் குழம்பு கேளுங்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். குடலெடுத்துச் சுத்தம் செய்யும் அளவு கிடையாது என்பதால் உயிரோடு வாங்கி, மண்வாடை போகும் வரை உப்புப் போட்டு உரசி உரசிக் கழுவி, அப்படியே முழுசாகப் புளிக்குழம்பில் போடுவார்கள். முள் எடுக்கும் வேலையே இல்லை. சோற்றோடு சோறாகப் போய்விடும். விலையைக் கேட்டால் இத்தனை சின்ன மீனுக்கு இவ்வளவா என்று தோன்றும். கழுவுகிற கூலியையும் சேர்த்து யோசியுங்கள்.

எலும்பு ரோஸ்ட், நண்டு ஆம்லெட், குடல் குழம்பு என்று தட்டு தட்டாக மேசைக்கு வந்து ஆசை காட்டுவார்கள். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். இரவு இன்னும் பாக்கி இருக்கிறது.

நாங்கள் சைவம். இந்த ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

காலை இட்லி, வெள்ளையப்பம், பருத்திப்பால், ஜிகர்தண்டா, அல்வா. இவை தவிர முள்முருங்கை வடை. கல்யாண முருங்கை இலையைப் பச்சரிசியோடு அரைத்து, மிளகு, சீரகம் சேர்த்துத் தட்டிச் சுடும் பச்சை நிற வடை; மேலே பொடி தூவித் தருவார்கள். சளிக்கு மருந்து என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்து, சளியே இல்லாதவர்களும் நாலைந்து சாப்பிடுகிறார்கள். மாலையில் நெசவாளர் தெருக்களின் சின்னக் கடைகளில் தேடுங்கள். பெரிய ஹோட்டல்களில் இதைக் கேட்டுப் பயனில்லை.

மதியத்துக்குப் பிறகு கீழடியா, திருமலை நாயக்கர் மகாலா?

இந்த நாளின் ஒரே தர்மசங்கடம் இதுதான். என் ஓட்டு கீழடிக்கு. மகால் எங்கும் போகாது என்று சொல்லலாம். ஈராயிரம் ஆண்டு மண்ணுக்குள் இருந்து அகழாய்வில் வெளிவந்த கீழடியும் எங்கும் போகாதுதான். ஆனால் மகாலைப் போன்ற அரண்மனையை வேறு ஊரிலும் ஓரளவு பார்த்துவிடலாம். கீழடிக்கு ஈடு இல்லை.

கீழடி மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில், சிலைமானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாவட்டம் சிவகங்கை, திருப்புவனம் வட்டம். பஸ்ஸிலும் போகலாம். ஒரே நாளில் எல்லாம் முடிக்க நினைப்பவர்கள் ஆட்டோ அல்லது கார் பேசிக்கொண்டு, திரும்பி வரவும் சேர்த்தே கூலி பேசிவிடுங்கள்.

கீழடியில் எதைப் பார்க்க வேண்டும்? வெறும் பானை ஓடுதானே என்கிறார்களே?

அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் போகாதவர்கள். 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் தோண்டத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடர்ந்தது. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுபோல, முற்றமும் தூணுமாகக் கட்டப்பட்டிருக்கிறது. மொத்தம் ஆறு கூடங்கள்.

பானை ஓட்டைத்தான் முதலில் பாருங்கள். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய ஓடுகள். அரசன் வெட்டிவைத்த கல்வெட்டு அல்ல. வீட்டுப் பானையில் வீட்டுக்காரன் கீறிய பெயர். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில் பாட்டி பெயர் வெட்டியிருப்பது நினைவுக்கு வராமல் இருக்காது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரி ஒன்று கி.மு. 580ஐக் காட்டியது, 2019இல் மாநிலத் தொல்லியல் துறை இதை அறிவித்ததிலிருந்து காலம் பற்றிய வாக்குவாதம் ஓயவில்லை. வாக்குவாதத்தை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் தாயக்கட்டையையும் வட்டச் சில்லுகளையும் பாருங்கள். தேய்ந்த விளிம்பே போதும், எத்தனை பேர் விளையாடியிருப்பார்கள் என்று சொல்ல.

சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு சிறப்புச் செய்தி. கிடைத்த எலும்புகளைப் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பி ஆராய்ந்தார்கள். மாடு, எருமை, ஆடு மட்டுமல்ல, மான், காட்டுப்பன்றி, மயில் எலும்பும் இருந்தன. சிலவற்றில் வெட்டுக்காயம் இருந்ததால் அவை உணவுக்காக வெட்டப்பட்டவை என்கிறது அறிக்கை. மதியம் எலும்பு ரோஸ்டைக் கடித்த பல்லோடு இந்தக் கூடத்தில் நிற்கும்போது, இந்த ஊரின் கறி ஆசைக்கு என்ன வயது என்று கொஞ்சம் தெரியும்.

நூல் நூற்கும் தக்களிகளும் நிறைய இருக்கின்றன. காலையில் பார்த்த காந்தியின் துணியும், சாயங்காலம் பார்க்கப்போகும் சுங்குடிச் சேலையும், இந்தத் தக்களியும் ஒரே சரட்டில் வருகிறவை. எந்த வழிகாட்டியும் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

அப்படியானால் மகாலை விட்டுவிடுவதா?

விட வேண்டாம். கீழடியிலிருந்து ஐந்து மணிக்குள் திரும்புவது கடினம். மகாலோ ஐந்து மணிக்கு மூடிவிடும். இருட்டிய பிறகு அங்கே சிலப்பதிகாரக் கதையோடு ஒலி-ஒளிக் காட்சி நடத்துவார்கள். அன்றைக்கு உண்டா, தமிழில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கீழடிக்குப் போகாதவர்கள் மதியமே மகாலுக்குள் போய்விடலாம். 1636இல் கட்டியது. இன்று நிற்பது பழைய அரண்மனையில் கால் பங்குதான் என்பார்கள். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பிரித்துக்கொண்டுபோன பகுதிகள் போக மிச்சம் இது. இதுவும் இடிந்து போயிருக்கும். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு சீரமைக்க வைத்தார். பின்னர் நீண்ட காலம் மாவட்ட நீதிமன்றம் நடந்தது. இத்தனை உயரத் தூண்களுக்கு நடுவில் நின்று பொய்ச் சாட்சி சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

காணாமல் போன பங்கின் ஒரு துண்டைப் பார்க்க வேண்டுமென்றால் விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்துக்குப் போங்கள். துணிக்கடைகளுக்கும் சுமை வண்டிகளுக்கும் நடுவில் பத்துப் பிரம்மாண்டத் தூண்கள், மேலே கூரையில்லாமல், யாரும் கவனிக்காமல் நிற்கின்றன. டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது. மதுரையில் எனக்கு மிகவும் பிடித்த அருங்காட்சியகம் அந்தச் சந்து.

ஜிகர்தண்டா எப்போது, எங்கே?

பத்துத்தூண் வரை வந்துவிட்டீர்கள். விளக்குத்தூண் ஜிகர்தண்டாக் கடைகள் பக்கத்திலேயே. மாலை ஐந்து ஆறு மணிதான் அதற்கு நேரம். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே வீட்டுப் பக்குவத்தில் செய்த ஐஸ்கிரீம். கடல்பாசியா, பாதாம் பிசினா என்பதில் ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் கடல்பாசிக் கட்சி. பெரிய கோப்பை வாங்காதீர்கள். அது ஒரு வேளைச் சாப்பாடு. குடித்த பிறகு கறி தோசையை ஏக்கத்தோடு பார்க்க மட்டுமே முடியும்.

பருத்திப்பால் என்கிறார்களே, அது என்ன?

பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சுவது. தள்ளுவண்டியில் சூடாகக் கிடைக்கும். மாட்டுக்குப் போடும் கொட்டையையா குடிப்பது என்று முகம் சுளிப்பவர்கள் முதல் வாய்க்குப் பிறகு பேசுவதில்லை.

இரவு?

சிம்மக்கல் பக்கம் கோனார் கடையில் கறி தோசை. கல்லில் தடிமனாக மாவை ஊற்றி, அது வேகும் முன்பே முட்டையை உடைத்துப் பரப்பி, அதன் மேல் பொடியாக நறுக்கி வதக்கிய ஆட்டுக்கறியை வாரிப் போட்டு அமுக்கி, புரட்டிப் போடுவார்கள். கறிப்பக்கம் கல்லில் பட்டதும் வரும் வாசனைக்கு வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரு அடி முன்னே நகர்வார்கள். இரண்டு பேருக்கு ஒன்று போதும். மிச்ச இடத்துக்குப் பன் பரோட்டாவும் சால்னாவும். வயதானவர்கள் ஆட்டுக்கால் சூப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

வயிறு தாங்குமா?

கூட்டம் உள்ள கடையில், கண் முன்னே கல்லிலிருந்து எடுத்துத் தருவதைச் சாப்பிட்டால் தாங்கும். தண்ணீரை மட்டும் கையோடு கொண்டு போங்கள்.

வாங்கிப் போக என்ன இருக்கிறது?

சுங்குடிச் சேலை. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து எடுப்பது. சௌராஷ்டிர நெசவாளர்களின் கைவண்ணம். புவிசார் குறியீடும் பெற்றது. கையால் முடிச்சிட்டதா, புள்ளி அச்சடித்ததா என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். முடிச்சிட்ட சேலையில் எந்த இரண்டு புள்ளியும் ஒரே அச்சாக இருக்காது. சாப்பிட எடுத்துப் போக நாகப்பட்டினம் அல்வாக் கடை உண்டு. பெயர்தான் நாகப்பட்டினம், கடை மதுரைக்கே சொந்தம். இலையில் சூடாக ஒரு கரண்டி வாங்கி அங்கேயே நின்று தின்றுவிட்டுப் பிறகு பொட்டலம் கட்டச் சொல்லுங்கள். மல்லிகை வாங்குவதானால் மொட்டாக வாங்குங்கள். ஊர் போய்ச் சேரும்போது மலர்ந்திருக்கும்.

நள்ளிரவுக்கு மேல்தான் ரயில். அதுவரை என்ன செய்வது?

ஸ்டேஷன் எதிரே டவுன்ஹால் ரோட்டில் நடந்தால் மாசி வீதி வந்துவிடும். அந்த நேரத்திலும் எங்காவது இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு இட்லி போதும். சட்னியை மட்டும் குறைத்துக் கேட்காதீர்கள்.